கல் இருக்குன்னு கிட்னியைத் தூக்கிப் போடாதீங்க

1/ "ஸ்கேன்ல கல் தெரியுதும்மா. உங்க கிட்னி ஆகாது. வேற ஆள் பாருங்க." இந்த ஒரு வரியால எத்தனை குடும்பத்தோட கடைசி வழி அடைபடுதுன்னு யாரும் கணக்கு வச்சுக்கிறதில்லை. பல நேரம் இந்த வரி மருத்துவரீதியா தப்பு. ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/ முகையூர், கண்டாச்சிபுரம், திருக்கோவிலூர் பக்கத்து ஆளுங்களுக்கு முதல்ல சொல்றேன். கரும்பு, நெல், மணிலான்னு வெயிலில் நின்னு வேலை செய்யுற ஊர் இது. வேர்வை கொட்டும், தண்ணி குடிக்கிறது குறைவு. சிறுநீர் கெட்டியாகிறதால கல் வர்ற வாய்ப்பு இங்கே அதிகம். அப்போ கிட்னி தானம் கொடுக்க முன்வர்றவங்க வயித்திலும் கல் இருக்கலாம். இதில் ஆச்சரியப்பட ஒண்ணும் இல்லை.

3/ ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். கணவருக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. வாரத்துக்கு மூணு நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் டயாலிசிஸ். மனைவி கொடுக்கத் தயார். ரத்த வகை பொருந்துது. ஊரில் எடுத்த அல்ட்ராசவுண்டில் இடது கிட்னியில் "5 மி.மீ. கல்"னு எழுதியிருக்கு. யாரோ ஒருத்தர் "முடியாது"ன்னு சொல்லிட்டார். குடும்பம் வீட்டுக்குத் திரும்பிடுச்சு. இந்த மனைவிக்கு என்னென்ன பார்த்திருக்கணும்?

4/ முதல் கேள்வி: அது கல்தானா? நம்ம ஊர் ஸ்கேன் ரிப்போர்ட்டில் "டைனி கான்க்ரீஷன்"னு ஒரு வார்த்தை அடிக்கடி வரும். அல்ட்ராசவுண்டில் வெள்ளையா தெரியுற சின்னப் புள்ளி எல்லாம் கல் இல்லை. ரத்தக்குழாய்ச் சுவரா இருக்கலாம், கொழுப்பா இருக்கலாம். அளவையும் அது கூட்டிக் காட்டும். அந்தப் புள்ளியை நம்பி ஒரு தானத்தை மறுக்கிறது நியாயமே இல்லை.

5/ கிட்னி கொடுக்கப் போறவங்களுக்கு எப்படியும் சிடி ஆஞ்சியோ எடுத்தாகணும். எத்தனை ரத்தக்குழாய், எந்தப் பக்கம் எடுக்கறது சுலபம்னு அதில்தான் தெரியும். மருந்து ஏத்துறதுக்கு முன்னால எடுக்கிற படத்துல கல் இருக்கா, எத்தனை, எங்கே, எவ்வளவு பெருசுன்னு தெளிவா தெரிஞ்சிடும். அந்தப் படம் வர்றதுக்கு முன்னாடியே "ஆகாது"ன்னு சொல்ல என்ன அவசரம்?

6/ சரி, சிடியிலும் கல் உறுதியாயிடுச்சு. அது அபூர்வமா? கிடையாது. எந்த வலியும் இல்லாம, நல்லா இருக்கேன்னு தானம் கொடுக்க வர்றவங்களை சிடி எடுத்துப் பார்த்தா, நூத்துல சுமார் 5 முதல் 10 பேருக்குக் கல் இருக்குன்னு பல ஆய்வுகள் சொல்லுது. இவங்க எல்லாரையும் கண்ணை மூடிக்கிட்டு வெளியே அனுப்பினா, நஷ்டம் காத்திருக்கிற நோயாளிக்கு.

7/ இப்போ முக்கியமான விஷயம். தானக்காரர் உடம்பிலிருந்து எடுத்த கிட்னியை நேரா அடுத்தவர் உடம்பில் வைக்கிறதில்லை. நடுவில் ஒரு வேலை இருக்கு. குளிர்ந்த திரவத்தை உள்ளே செலுத்தி ரத்தத்தைக் கழுவி, ஐஸில் வச்சு, தனி மேசையில் ரத்தக்குழாய்களைச் சீர் பண்ணுவோம். இதுக்கு நாங்க சொல்ற பேர் 'பெஞ்ச்' வேலை. கல்லை எடுக்க சரியான இடம் அந்த மேசைதான்.

8/ எப்படி? கிட்னியோட சிறுநீர்க்குழாய் கூடவே வெட்டி எடுத்திருப்பாங்க. அதன் வாய் வழியா வளையக்கூடிய மெல்லிய கேமரா குழாயை உள்ளே விடுறது. யூரிட்டெரோஸ்கோப்னு பேரு. குளிர்ந்த சலைன் ஓடிக்கிட்டே இருக்கும். உள்ளே சின்னச் சின்ன கிண்ணம் மாதிரி அறைகள் இருக்கும். ஒவ்வொண்ணா பார்த்து, கல்லை நுண்ணிய கம்பிக் கூடையில் பிடிச்சு இழுக்கறது. கூடைக்கு அடங்கலைன்னா லேசர் வச்சு உடைச்சு எடுக்கறது.

9/ கல் கொஞ்சம் பெருசா, சிறுநீர் சேர்ற பைப் பகுதியில் இருந்தா, அந்தப் பையில் சின்னதா ஒரு கீறல் போட்டு, கல்லை எடுத்துட்டு, நுண்ணிய தையல் போட்டுடலாம். இவ்வளவு வேலையும் நடக்கும்போது கிட்னி யார் உடம்பிலும் இல்லை. ரத்தம் ஓடலை. தானக்காரருக்குக் கூடுதலா ஒரு கீறல் கிடையாது. கல்லுக்குன்னு தனியா ஒருதடவை மயக்க மருந்து கொடுக்கவும் வேண்டாம்.

10/ "இதெல்லாம் அமெரிக்காவில் நடக்கும் சார்"னு சொல்லுவீங்க. நம்ம வேலூர் சி.எம்.சி. யூராலஜி மருத்துவர்கள், கல் இருந்த உயிருள்ள தானக்காரர்களோட கிட்னியை மாற்று சிகிச்சைக்குப் பயன்படுத்தின அனுபவத்தை 2005-லயே சர்வதேச யூராலஜி இதழில் எழுதிட்டாங்க. முகையூரிலிருந்து திருவண்ணாமலை வழியா பஸ் ஏறினா போற ஊர்தான் அந்த வேலூர்.

11/ அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு, பெஞ்சில் வச்சு கேமராக் குழாய் மூலம் கல் எடுத்ததை எழுதினது 2004-ல். குஜராத்தில் நடியாட் என்ற சின்ன ஊரில் இருக்கிற முல்ஜிபாய் படேல் யூராலஜி மருத்துவமனை இதே விஷயத்தில் தங்கள் அனுபவத்தை 2013-ல் வெளியிட்டது. இருபது வருஷப் பழசான வித்தை. "புதுசு, ரிஸ்க்"னு இன்னைக்கும் சொல்றது சாக்கு.

12/ விதிமுறை என்ன சொல்லுது? உயிருள்ள தானக்காரர் பராமரிப்புக்காக 2004-ல் நடந்த ஆம்ஸ்டர்டாம் கூட்டம், ஒரே ஒரு கல் இருந்து, அது 15 மி.மீ.க்குக் குறைவாவோ மாற்று சிகிச்சையின்போதே எடுக்கக்கூடியதாவோ இருந்து, மத்த பரிசோதனைகளும் சரியா இருந்தா ஏத்துக்கலாம்னு சொல்லிடுச்சு. 2017-ல் வந்த கே.டி.ஐ.ஜி.ஓ. வழிகாட்டுதலும் கல்லைப் பார்த்ததும் மறுக்கச் சொல்லலை. திரும்பக் கல் வர்ற ஆபத்து எவ்வளவு, வந்தா விளைவு என்னன்னு ஆளுக்கு ஆள் எடை போடச் சொல்லுது.

13/ "அப்படின்னா கல்லோடவே வச்சிடலாமே, எதுக்கு எடுக்கணும்?" நல்ல கேள்வி. கிட்னிக் கல் வலி எப்படின்னு பட்டவங்களுக்குத் தெரியும், தரையில் உருள வைக்கும். ஆனா மாற்றி வச்ச கிட்னிக்கு அந்த வலி தெரியாது. எடுக்கும்போதே அதன் நரம்புத் தொடர்பு அறுந்துடும். கல் நகர்ந்து குழாயை அடைச்சாலும் நோயாளி சாதாரணமா நடமாடிக்கிட்டு இருப்பார்.

14/ சிறுநீர் குறையும், கிரியாட்டினின் ஏறும், இல்லைன்னா காய்ச்சல் வரும். அதுக்குள்ள கிட்னி பாதி கெட்டிருக்கும். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரையில் வேற இருப்பார், கிருமி சீக்கிரம் பரவும். அவருக்கு வேலை செய்யுற கிட்னி அது ஒண்ணுதான். அதனாலதான் எடுக்கக்கூடிய கல்லை மேசையிலேயே எடுத்துடணும்னு சொல்றோம். 4 மி.மீ.க்குக் கீழ இருக்கிற சின்னக் கல்லைச் சில மையங்கள் அப்படியே விட்டுக் கண்காணிக்கும், அதுவும் ஏத்துக்கப்பட்ட வழிதான். ஆனா அந்தக் கண்காணிப்பு நிஜமா நடக்கணும்.

15/ அடுத்த ஆட்சேபணை, உணர்ச்சிகரமானது: "கல்லு விழுந்த கிட்னியை எங்க ஆளுக்கு வைப்பீங்களா? செகண்ட் ஹேண்டா?" கல் இருந்தா கிட்னி கெட்டுப் போச்சுன்னு அர்த்தம் இல்லை. பாத்திரத்தில் உப்புப் படிஞ்சா பாத்திரம் ஓட்டையாயிடுமா? வடிகட்டுற சதை நல்லா இருக்கா, அடைப்பு இருக்கா, கிருமி இருக்கா, இதைத்தான் பார்க்கணும். ரெண்டு கிட்னியும் தனித்தனியா எவ்வளவு வேலை செய்யுதுன்னு அளக்கிற ஸ்கேனும் இருக்கு.

16/ இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. உயிருள்ளவர் தானம் கொடுக்கும்போது எழுதாத சட்டம் ஒண்ணு: ரெண்டில் நல்ல கிட்னி கொடுக்கிறவர்கிட்டயே இருக்கணும். இடது பக்கம் கல், வலது பக்கம் சுத்தம்னா, கல் இருக்கிற இடதைத்தான் எடுக்கணும். கொடுத்தவர் கல் இல்லாத கிட்னியோட வீட்டுக்குப் போவார். வாங்கினவருக்குக் கல் நீக்கின கிட்னி. ரெண்டு பேருக்கும் நியாயம்.

17/ கொடுக்கிறவங்க யாருன்னும் பாருங்க. 1995 முதல் 2021 வரை இந்தியாவில் நடந்த 36,640 உறுப்பு மாற்று சிகிச்சைகளில் 29,695 பேர் ஆண்கள். அஞ்சுல நாலு பங்கு வாங்கிக்கிறவங்க ஆண்கள். கொடுக்கிற பக்கம் வரிசையில் நிக்கிறது பெரும்பாலும் மனைவி, அம்மா, அக்கா. அதனால "எப்படியாவது எடுத்து வைங்க"ன்னு நான் சொல்ல வரலை. அந்தப் பெண்ணோட மீதிக் கிட்னி அவ ஆயுசு முழுக்க ஓடணும். அதுல எந்த சமரசமும் கிடையாது.

18/ யாரை நிச்சயமா மறுக்கணும்? ரெண்டு பக்கமும் நிறைய கல் இருக்கிறவங்க. திரும்பத் திரும்பக் கல் வர்றவங்க. கிட்னி சதைக்குள்ளேயே சுண்ணாம்பு படிஞ்சவங்க. சிஸ்டினூரியா, பிரைமரி ஹைப்பர்ஆக்ஸலூரியா மாதிரி பரம்பரை நோய் இருக்கிறவங்க. கிருமியால உண்டான ஸ்ட்ரூவைட் கல் இருக்கிறவங்க. இவங்ககிட்ட "உங்க பாசம் பெருசு, ஆனா வேணாம்"னு தெளிவா சொல்றதுதான் மருத்துவம்.

19/ இந்த ரெண்டு கூட்டத்தையும் பிரிச்சுப் பார்க்கிறது எப்படி? 24 மணி நேர சிறுநீரைச் சேர்த்துக் கால்சியம், ஆக்ஸலேட், சிட்ரேட், யூரிக் அமிலம் பார்க்கிறது. ரத்தத்தில் கால்சியம், தேவைப்பட்டா பாராதைராய்டு ஹார்மோன். சிறுநீர் கல்ச்சர். குடும்பத்தில் யாருக்காவது கல் இருந்துதான்னு ஒரு கேள்வி. முன்னாடி விழுந்த கல் கையில் இருந்தா அதன் வகை. எல்லாம் இன்னைக்கே கிடைக்கிற பரிசோதனைகள். இதைச் செய்யாம "தானக்காரர் பாதுகாப்புக்காக மறுத்தோம்"னு சொன்னா, அது பாதுகாப்பு இல்லை, வேலையைத் தட்டிக் கழிக்கிறது.

20/ இப்போ மூளைச்சாவு அடைஞ்சவங்க தானம். 2008-ல் திருக்கழுக்குன்றம் ஹிதேந்திரனோட பெற்றோர் எடுத்த முடிவு தமிழ்நாட்டையே உலுக்குச்சு. அரசாணைகள் வந்தது, வரிசைப்படி உறுப்பு கொடுக்கிற முறை வந்தது. 2023 செப்டம்பரில், தானம் செய்தவர்களுக்கு இறுதிச் சடங்கில் அரசு மரியாதைன்னு முதலமைச்சர் அறிவிச்சார். 2024-ல் 268 பேரோட குடும்பங்கள் தானம் கொடுத்தாங்க, மாநிலத்தோட உச்சம். பெருமையான விஷயம்.

21/ அந்த 268 வீட்டிலும் ஒரு சாவு நடந்திருக்கு. நெடுஞ்சாலை விபத்துல பிள்ளையைப் பறிகொடுத்த அப்பா, ஐ.சி.யு. வாசலில் நின்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கிட்னி அது. சிடியில் 6 மி.மீ. கல் தெரியுதுன்னு அதை வேணாம்னு ஒதுக்கினா, அந்த அப்பாவுக்கு என்ன பதில் சொல்வோம்? இங்கே கொடுத்தவரோட எதிர்கால ஆபத்துன்னு ஒரு கவலையே இல்லை. வாங்குறவருக்குச் சரியா இருக்குமாங்கிறது மட்டும்தான் கேள்வி.

22/ "நேரம் ஆயிடுமே, கிட்னி கெட்டுடாதா?" ஐஸில் இருக்கிற கிட்னி பல மணி நேரம் தாங்கும். பெஞ்ச் வேலைக்கு எப்படியும் நேரம் ஒதுக்கித்தான் ஆகணும். எட்டுற இடத்தில் இருக்கிற சின்னக் கல்லை எடுக்க நிமிஷக் கணக்குதான் கூடும். கவனிக்க வேண்டியது: கிட்னி ஐஸை விட்டு வெளியே வரக்கூடாது, உள்ளே விடுற சலைன் குளிர்ந்தே இருக்கணும், கல் எட்டலைன்னா அடம் பிடிச்சு கிட்னியைக் கிழிக்கக் கூடாது. நிறுத்தத் தெரிஞ்ச கை வேணும்.

23/ ஆபத்தே இல்லைன்னு நான் சொல்லலை. குழாயில் காயம் படலாம். துண்டு மிச்சம் இருக்கலாம். சிறுநீர் கசியலாம், அதுக்காக ஸ்டென்ட் வைப்போம். இதையெல்லாம் ரெண்டு பேருக்கும் தமிழில், புரியுற மாதிரி சொல்லிக் கையெழுத்து வாங்கணும். ஆனா இந்த ஆபத்தை எதோட ஒப்பிடணும்? இன்னும் பல வருஷம் டயாலிசிஸ் மெஷினில் கிடக்கிற ஆபத்தோட. அந்தத் தட்டைத் தராசுல வைக்காமலே பல பேர் முடிவு எடுத்துடறாங்க.

24/ "அரசு ஆஸ்பத்திரியில் இதுக்கு வசதி ஏது?" இந்தியாவில் கிட்னி மாற்று அறுவை சிகிச்சை பண்றவங்க பெரும்பாலும் யூராலஜிஸ்ட்கள்தான். காலையில் ஒருத்தருக்குக் கிட்னிக் கல்லை லேசரில் உடைக்கிற அதே கை, சாயந்திரம் இன்னொருத்தருக்குக் கிட்னி வைக்குது. பக்கத்துத் தியேட்டரில் இருக்கிற ஸ்கோப்பை இந்த மேசைக்குக் கொண்டு வரணும், அவ்வளவுதான். ஸ்கோப் ரிப்பேர், லேசர் ஃபைபர் தீர்ந்துபோச்சுங்கிறது காரணம்னா, அது நிர்வாகப் பிரச்சனை. அதுக்கான தண்டனை நோயாளிக்குக் கூடாது.

25/ மறுக்கப்பட்ட குடும்பம் அடுத்து எங்கே போகும்? சட்டப்படி பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர், கணவன் மனைவி, தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைன்னு நெருங்கிய சொந்தம் கொடுக்கலாம். அந்தக் கதவு மூடினதும் பக்கத்தில் புரோக்கர் வந்து நிப்பான். 2025-ல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் கடனில் சிக்கின விசைத்தறித் தொழிலாளர்கள்கிட்ட கிட்னி வாங்கின விவகாரம் வெளியே வந்ததே, மறந்துட்டோமா? சொந்த மனைவி மனசாரக் கொடுக்கிற கிட்னியை ஒத்தை வரியில் மறுக்கிற நாம, அந்தச் சந்தைக்குக் கிராக்கியைக் கூட்டுறோம்.

26/ இன்னொரு பக்கம் வாழைத்தண்டு ஜூஸ், சிறுபீளை கஷாயம், பீர். "மூணு மாசம் குடிச்சுக் கல்லைக் கரைச்சுட்டு வாங்க, அப்புறம் தானம் கொடுக்கலாம்"னு அறிவுரை. நம்ம ஊரில் அதிகம் வர்ற கால்சியம் ஆக்ஸலேட் கல் எதுக்கும் கரையாது. யூரிக் அமிலக் கல்லை மருந்தால் கரைக்கலாம், அதுக்கும் டாக்டர் மேற்பார்வை வேணும். அந்த மூணு மாசத்தில் டயாலிசிஸில் இருக்கிறவர் நிலைமை என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?

27/ என் கோரிக்கை நாலுதான். ஒண்ணு: சிடி, 24 மணி நேர சிறுநீர், யூராலஜிஸ்ட் கருத்து, இந்த மூணும் இல்லாம கல்லைக் காரணம் காட்டி எந்தத் தானக்காரரையும் மறுக்கக் கூடாது. ரெண்டு: மறுத்தா காரணத்தை எழுத்தில் கொடுக்கணும். மூணு: உரிமம் உள்ள ஒவ்வொரு மாற்று சிகிச்சை மையத்திலும் பெஞ்ச் மேசைக்கு வளையக்கூடிய ஸ்கோப்பும் லேசரும் தயாரா இருக்கணும். நாலு: கல்லுக்காக ஒதுக்கப்பட்ட மூளைச்சாவு தானக் கிட்னி எத்தனைன்னு டிரான்ஸ்டான் வருஷா வருஷம் வெளியிடணும்.

28/ நீங்க என்ன கேக்கணும்? "டாக்டர், கல் எந்தப் பக்கம், எத்தனை மி.மீ.? சிடியில் உறுதி ஆச்சா? 24 மணி நேர சிறுநீர் பார்த்தாச்சா? பெஞ்சில் எடுக்க முடியுமா, இங்கே முடியலைன்னா எங்கே முடியும்?" இதை மரியாதையா, ஆனா விடாம கேளுங்க. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியிலோ புதுச்சேரி ஜிப்மரிலோ யூராலஜி கருத்து கேட்டு வாங்குங்க. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கிட்னி மாற்று சிகிச்சைக்கும் இடம் இருக்கு, அட்டையை எடுத்துட்டுப் போங்க.

29/ கிட்னி கொடுத்தவங்களுக்கு ஒரு வார்த்தை. கல் வர்ற உடம்பு உங்களோடது. ஒரு நாளைக்கு ரெண்டரை லிட்டர் சிறுநீர் போற அளவுக்குத் தண்ணி குடிங்க, வயலில் இருந்தா இன்னும் அதிகமா. உப்பைக் குறைங்க. எலுமிச்சை நல்லது. பால், மோரை நிறுத்தாதீங்க, கால்சியத்தை விட்டா கல் கூடும். வருஷம் ஒருமுறை ஸ்கேனும் கிரியாட்டினினும். விலாவில் வலி, சிறுநீர் குறையுது, காய்ச்சல்னா மாத்திரை போட்டுப் படுக்காதீங்க. ஒத்தைக் கிட்னி அடைச்சா அது எமர்ஜென்சி, அன்னைக்கே ஆஸ்பத்திரி.

30/ உங்க தெருவிலோ சொந்தத்திலோ யாராவது டயாலிசிஸில் இருந்து, கொடுக்க வந்தவரைக் "கல் இருக்கு"ன்னு திருப்பி அனுப்பியிருந்தா, இந்த த்ரெட்டை அவங்களுக்கு அனுப்புங்க. பழைய ஃபைலைத் தேடி எடுத்து, இன்னொரு தடவை ஒரு யூராலஜிஸ்ட்கிட்ட காட்டச் சொல்லுங்க. அப்பவும் பதில் "வேணாம்"னு வரலாம். ஆனா அந்தப் பதில் முழுசா பரிசோதிச்சுப் பார்த்த பிறகு வரட்டும்.